வாரத்துல ஒரு நாள் வாசிச்சவங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல அமெரிக்க இசை பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். ஜாஸுக்கு ப்ளூஸுக்கு ராக்குக்கு எல்லாம் பத்தி பத்தியா எழுதிட்டு ப்ளூகிராஸுக்கு மட்டும் ஒரே ஒரு வரி, மலைப்பக்கத்து கிராமத்து ஜனங்களோட பழைய பாட்டு, இப்ப கேக்குறவங்க குறைவுன்னு. அந்த ஒரு வரி மனச உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் மேரிலாந்துலேர்ந்து இந்த லெட்டர். பதினாறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், அதுல பெரும்பகுதி ஒரு பேண்டோட பாட்டு எங்க வீட்டுல ஓடிக்கிட்டே இருக்கு, பேரு செல்டம் சீன். அவங்கள பத்தி தமிழ்ல நான் எங்கயும் படிச்சதில்ல, உங்க பேப்பர்லயாவது வரணும்னு ஆசை.

முதல்ல அந்த ஒரு வரி. ப்ளூகிராஸோட வேர் மலைப்பக்கம்தான், இல்லைங்கல. கென்டக்கில பொறந்த பில் மன்றோ தன் குழுவுக்கு ப்ளூ கிராஸ் பாய்ஸ்னு பேர் வச்சாரு, அதுவே பின்னாடி இந்த இசைக்கே பேராயிடுச்சு. 1945 கடைசில ஏர்ல் ஸ்க்ரக்ஸ்னு ஒரு இளைஞர் அந்த குழுல சேர்ந்து மூணு விரலால பேஞ்சோ வாசிச்சாரு பாருங்க, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பேஞ்சோன்னாலே நம்ம காதுல கேக்குறது அந்த வாசிப்புதான். டிரம்ஸ் கிடையாது, எல்லாமே தந்தி வாத்தியம், மேண்டலின், கிட்டார், பேஞ்சோ, பிடில், பேஸ். தாளத்த இவங்களே கையால பிடிச்சு நிறுத்தணும், அதனாலயே இந்த இசைல ஒருத்தர் அசந்தாலும் மத்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

ஆனா செல்டம் சீன் பொறந்தது மலைலயும் இல்ல கிராமத்துலயும் இல்ல, வாஷிங்டன் ஒட்டுன பெதஸ்டாங்குற ஊர்ல, ஒரு வீட்டோட பேஸ்மென்ட்ல, 1971ல. வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, கரோலினா பக்கத்துலேர்ந்தெல்லாம் வேலை தேடி தலைநகரத்துக்கு வந்த ஜனங்க தங்களோட பாட்டையும் கூடவே கொண்டாந்தாங்க, 1967லேர்ந்து இங்க ஒரு யூனிவர்சிட்டி ரேடியோல ப்ளூகிராஸ் போட்டாங்க, அதனால இந்த ஊர்ல அந்த இசைக்கு நல்ல காது இருந்துச்சு. அந்த பேஸ்மென்ட்ல உக்காந்தவங்க யாரு தெரியுமா? வீட்டுக்காரர் பென் எல்ட்ரிட்ஜ், பேஞ்சோ, வேலை கணித வல்லுநர். ஜான் ஸ்டார்லிங், கிட்டாரும் பாட்டும், ராணுவத்துல சர்ஜன், காது மூக்கு தொண்டை டாக்டர். டாம் கிரே, பேஸ், நேஷனல் ஜியாக்ரஃபிக்ல மேப் வரையுறவரு. மைக் ஆல்ட்ரிட்ஜ், டோப்ரோ, பத்திரிகை ஆபீஸ்ல ஓவியர். ஜான் டஃபி, மேண்டலின், அவரு வாத்தியம் ரிப்பேர் பண்றவரு, அதுக்கு முன்னாடி கன்ட்ரி ஜென்டில்மென்ங்குற பெரிய குழுல இருந்து ஊர் ஊரா அலைஞ்சு அலுத்துப்போயி 1969ல வெளிய வந்தவரு.

மத்தவங்க வாரத்துக்கு ஒரு ராத்திரி சீட்டுக்கச்சேரி போடுற மாதிரி இவங்க பாட்டுக்கச்சேரி போட்டாங்க, அவ்ளோதான் ஆரம்பத்துல திட்டம். யாரும் வேலைய விடுறதில்ல, டூர் போறதில்ல, வாரத்துல ஒரு நாள் பக்கத்துல எங்கயாவது வாசிக்கிறதுன்னு பேசி வச்சுக்கிட்டாங்க. இத கேட்ட டஃபியோட பழைய குழு கூட்டாளி சார்லி வாலர், அப்ப நீங்க கண்ணுலயே படமாட்டீங்களே, அதையே பேரா வச்சுக்கங்கன்னு கேலி பண்ணாராம். இங்கிலீஷ்ல செல்டம்னா அபூர்வமான்னு அர்த்தம், சீன்ங்குற சத்தத்துக்கு பாக்கப்பட்டதுன்னும் அர்த்தம் வரும், நாடகத்துல வர்ற காட்சின்னும் அர்த்தம் வரும், இவங்க ரெண்டாவது அர்த்தத்துக்கான எழுத்த போட்டு பேர வச்சுக்கிட்டாங்க, முதல் ஆல்பங்களுக்கும் அங்கம் ஒண்ணு, அங்கம் ரெண்டு, அங்கம் மூணுன்னே பேர். வேலைய விட்டுட்டு முழுசா இறங்குனாதான் கலைஞன்னு நம்மில் பல பேருக்கு ஒரு நெனப்பு இருக்கு. நான் அத ஒத்துக்கமாட்டேன். பகல் பூரா ஆஸ்பத்திரில நின்ன மனுஷன் ராத்திரி வந்து அந்த குரல்ல பாடுறாருன்னா பாட்டுக்கு அவர் கொடுக்குற மரியாதை கொஞ்சமும் குறைஞ்சதில்ல. மாசச் சம்பளம் வேற இடத்துலேர்ந்து வந்ததாலதான் எந்த பாட்டு விக்கும்னு கணக்கு பாக்காம பிடிச்சத எடுத்து வாசிச்சாங்க, பழைய மலைப்பாட்டோட ராக்கும் ஃபோக்கும் கலந்து வந்துச்சு. இது ப்ளூகிராஸ்தானான்னு அப்ப முகம் சுளிச்சவங்களும் இருந்திருக்காங்க, ஆனா காலேஜ் பசங்களும் ஆபீஸ் ஜனங்களும் இந்த இசை பக்கம் திரும்புனதுல இவங்களுக்கு பெரிய பங்கு உண்டு.

அந்த டோப்ரோவ பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு அது உடனே புரியும். மடில படுக்க வச்சு, தந்திய விரலால அமுக்காம, இடது கைல ஒரு ஸ்டீல் கட்டைய பிடிச்சு தந்தி மேல வழுக்கி வாசிக்கிறது, நம்ம கோட்டுவாத்தியம் மாதிரியேதான். நிக்கும்போது வார் போட்டு இடுப்புக்கு முன்னாடி படுக்கையா தொங்கவிட்டுக்குவாங்க. உள்ள மெல்லிசா ஒரு உலோகக் கூம்பு இருக்கும், அதுதான் சத்தத்த பெருசாக்கும். இந்த வாத்தியத்த செஞ்ச டோப்யெரா சகோதரர்கள் பேரும் பிரதர்ஸ்ங்குற வார்த்தையும் சேர்ந்து டோப்ரோ ஆச்சு. ஆரம்ப செல்டம் சீன்ல பிடில்காரர் கிடையாது, அந்த இழைஞ்சு வர்ற சத்தத்தோட வேலை முழுக்க மைக் ஆல்ட்ரிட்ஜ் தலைல. முத தடவ கேட்டப்ப என் வீட்டுக்காரம்மா அடுப்படிலேர்ந்து எட்டிப் பாத்து இது என்ன நம்மூரு கமகம் மாதிரி இருக்கேன்னாங்க, அவங்க சின்ன வயசுல வீணை கத்துக்கிட்டவங்க. ஒரு ஸ்வரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு குதிக்காம நடுவுல இருக்குற இடத்தையெல்லாம் தொட்டுக்கிட்டு, அவசரமே இல்லாம, கடைசில சரியான சுருதில போய் உக்காரும். வேகமா வாசிக்கிறவங்க எத்தனையோ பேரு, அந்த அழுத்தம் இல்லாத சுத்தம் வேற யார்கிட்டயும் எனக்கு கேக்கல. அவரோட மாமா ஒருத்தரு, எல்ஸ்வொர்த் கஸன்ஸ், 1928லயே ஜிம்மி ராட்ஜர்ஸ்ங்குற கன்ட்ரி பாடகரோட ரெக்கார்டிங்ல ஸ்டீல் கிட்டார் வாசிச்சவரு, அந்த குடும்பத்து கை.

இவங்கள எனக்கு காட்டிக் குடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியவர், தபால் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். பெதஸ்டால ரெட் ஃபாக்ஸ் இன்னுனு ஒரு சின்ன இடம் இருந்துச்சு, செல்டம் சீன் ஆரம்பத்துல வாரா வாரம் வாசிச்சது அங்கதான். இவரு அப்ப இருபத்தி நாலு வயசு பையன், உக்கார இடமில்லாம சுவத்துல சாஞ்சு நின்னே கேப்பாராம். அப்புறம் அவங்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியால பர்ச்மியர்ங்குற அரங்கத்துக்கு மாறுனாங்க, வியாழக்கிழமை வியாழக்கிழமை, வருஷக்கணக்கா. பெரியவரும் வியாழக்கிழமைல வேற எந்த வேலையும் வச்சுக்கமாட்டாராம், அவரோட கல்யாண பேச்சு கூட அங்க ஒரு டேபிள்லதான் முடிவாச்சுன்னு அவங்க வீட்டம்மா சொல்லுவாங்க.

ஒரு பனி நாள், ஆபீஸ் லீவு, அவர் வீட்டுக்கு கூப்பிட்டு ஒரு ரெக்கார்ட எடுத்தாரு. உறை ஓரமெல்லாம் நஞ்சு போயி டேப் ஒட்டியிருந்துச்சு. 1974 டிசம்பர் கடைசில ஜார்ஜ்டவுன்ல செல்லர் டோர்ங்குற கிளப்ல நேரடியா பதிவு பண்ண ரெட்டை ரெக்கார்ட். ஊசிய வச்சதும் முதல்ல கூட்டத்தோட சலசலப்பு, அப்புறம் டஃபியோட பேச்சு, அந்த மனுஷன் நல்லா உயரம், தலைமுடிய ஒட்ட வெட்டி, கண்ண பறிக்கிற பேன்ட் போட்டுக்கிட்டு பாட்டுக்கு நடுவுல ஜோக்கடிச்சு கூட்டத்த பிடிச்சு வச்சுக்குவாரு. எனக்கு பாதி ஜோக் புரியல. பெரியவர் ஒவ்வொண்ணையும் ரெக்கார்ட்ல வர்றதுக்கு அரை நொடி முன்னாடியே உதட்டசைச்சு சொல்லிக்கிட்டே வந்தாரு, ஒரு இடத்துல ரெக்கார்டுல கீறல் விழுந்து டிக் டிக்னு ரெண்டு தடவ தட்டும், அதையும் சேர்த்து விரலால மேஜைல தட்டுனாரு. அப்புறம் மூணு குரல் சேர்ந்துச்சு. ஸ்டார்லிங் நடுவுல சாதாரணமா பேசுற மாதிரி பாடுறாரு, ஆல்ட்ரிட்ஜ் கீழ, டஃபி மேல எங்கயோ போறாரு, கத்தல் இல்ல, திறந்து விட்ட குரல், அவங்கப்பா ஆப்பரா பாடகர்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். உடம்பு சிலிர்த்துப்போச்சுங்க. அன்னைக்கு நாலு பக்கமும் கேட்டு முடிச்சப்ப வெளிய இருட்டிடுச்சு.

2011ல பெரியவரே எங்க ரெண்டு பேரையும் பர்ச்மியருக்கு கூட்டிட்டு போனாரு. வாசல்ல நம்பர் சீட்டு குடுப்பாங்க, கூப்பிடுற வரிசைல உள்ள போயி டேபிள் பிடிக்கணும், சாப்பிட்டுக்கிட்டே கேக்கலாம், ஆனா வாசிக்கும்போது பேசக்கூடாது. அவ்ளோ பெரிய ஹால்ல, கைல தட்டும் கிளாஸும் வச்சுக்கிட்டு, ஜனங்க அப்படி வாயமூடி கேக்குறத நான் வேற எங்கயும் பாத்ததில்ல. அன்னைக்கு மேடைல பழைய அஞ்சு பேர்ல பென் எல்ட்ரிட்ஜ் ஒருத்தர்தான், கூட டட்லி கானல், லூ ரீட், ஃப்ரெட் ட்ராவர்ஸ், ரானி சிம்ப்கின்ஸ். எங்களுக்கு மேடைக்கு நல்ல பக்கத்துல இடம். பென்னோட வலது கைய மட்டும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். கட்டை விரல்ல தந்திய மீட்டுற பிளாஸ்டிக் பிக், அடுத்த ரெண்டு விரல்ல உலோகம், மத்த ரெண்டு விரல் பேஞ்சோ தோல் மேல ஊனி அசையாம நிக்குது, மணிக்கட்டு அசையவே இல்ல, ஆனா சத்தம் மழை மாதிரி கொட்டுது. பாட்டுக்காரர் வரி ஆரம்பிச்சா உடனே தன் சத்தத்த உள்ள இழுத்துக்குவாரு, வரி முடிஞ்ச இடைவெளில மட்டும் ரெண்டு சொட்டு வச்சுட்டு மறுபடி ஒதுங்கிக்குவாரு. கைதட்டல் வந்தா தலைய லேசா ஆட்டிட்டு டியூனிங் பாக்க குனிஞ்சுக்குவாரு. நாப்பது வருஷமா அதையே பண்ணியிருக்காரு மனுஷன்.

இந்த பேண்ட் முடிஞ்சுதுன்னு ஜனங்க நெனச்ச தருணங்கள் நிறைய. 1977ல ஸ்டார்லிங் டாக்டர் தொழில பாக்க கிளம்பிட்டாரு, ஃபில் ரோசன்தால் வந்தாரு. 1995ல ஆல்ட்ரிட்ஜையும் சேர்த்து மூணு பேரு வேற குழு ஆரம்பிக்க போயிட்டாங்க, டஃபியும் பென்னும் புதுசா மூணு பேர சேர்த்து நிமிர்ந்தாங்க. நிமிர்ந்து கொஞ்ச நாள்ல, 1996 டிசம்பர் 10, டஃபி காலமாயிட்டாரு, 62 வயசு. அதே வருஷம் செப்டம்பர்லதான் பில் மன்றோவும் போயிருந்தாரு. பெரியவர் அதுக்கப்புறம் பல மாசம் பர்ச்மியர் பக்கமே போகலையாம், அந்த இடத்துல இன்னொருத்தர் நின்னு பாடுறத பாக்க மனசு வரலன்னாரு. அப்புறம் ஒரு நாள் அவர் பொண்ணு இழுத்துட்டு போச்சாம். டஃபி காலத்துலயே குழுல இருந்த லூ ரீட் திரும்ப வந்து மேல் குரல பாடிக்கிட்டு இருந்தாரு. லூ ரீட் டஃபி மாதிரி பாடல, தன்ன மாதிரியே பாடுனாரு, அதனாலதான் எனக்கு அழுகை நின்னுச்சுன்னு பெரியவர் சொன்னப்ப எங்க வீட்டுக்காரம்மா கண்ண தொடச்சுக்கிட்டாங்க.

2014ல ப்ளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேம்ல அந்த முதல் அஞ்சு பேரையும் சேர்த்தாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 74வது பொறந்தநாளுக்கு மொத நாள், ஆல்ட்ரிட்ஜ் காலமாயிட்டாரு, அந்த மரியாதைய பாக்க குடுத்து வைக்கல. அதே 2014ல ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ்ங்குற ரெக்கார்ட் கம்பெனி இவங்களோட புது ஆல்பம் போட்டுச்சு, ஸ்டார்லிங்கும் டாம் கிரேயும் வந்து கலந்துக்கிட்டாங்க, எமிலூ ஹாரிஸ் கூட பாடியிருக்காங்க. 2016ல பென் ஓய்வு எடுத்துக்கிட்டாரு, 2019ல ஸ்டார்லிங் காலமானாரு, 2024 ஏப்ரல்ல பென்னும் போயிட்டாரு. பென்னோட பையன் கிரிஸ் இன்னைக்கு பன்ச் பிரதர்ஸ்ங்குற குழுல கிட்டார் வாசிக்கிறாரு.

பழைய ஆள் ஒருத்தரும் இல்லாதப்ப அது எப்படி அதே பேண்டுன்னு ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டாரு, நியாயமான கேள்விதான். நான் சொன்னது இதான்: வந்தவங்க ஒவ்வொருத்தரும் முன்னாடி இருந்தவரோட வருஷக்கணக்கா ஒரே மைக் பக்கத்துல நின்னு மூச்ச எங்க விடணும்னு கத்துக்கிட்டவங்க, ஒரே நாள்ல ஆள் மாத்தி பேர மட்டும் ஒட்டிக்கிட்ட கதை இல்ல இது. தேர் வடத்த பிடிக்கிற கை மாறிக்கிட்டேதான இருக்கும்.

ஆசிரியர் அவர்களே, இணைப்புல அரைப் பக்கம் ஒதுக்கி இவங்கள பத்தி ஒரு கட்டுரை போடுங்க, அந்த அஞ்சு பேரோட பேரும் வாத்தியமும் சரியா வரட்டும். கேக்குறவங்க குறைவுன்னு கட்டுரையாளர் எழுதுனது தெரியாம எழுதுனதுதான், அவர் மேல வருத்தம் இல்ல, அவரு இங்க வந்தா நானே கூட்டிட்டு போறேன். வாசகர்கள் யாராவது ஆரம்பிக்கணும்னா அந்த செல்லர் டோர் ரெக்கார்டிங்லேர்ந்து ஆரம்பிங்க. முதல் தடவ டஃபியோட பேச்ச தள்ளி விடாம கேளுங்க. ரெண்டாவது தடவ டோப்ரோவ மட்டும் பிடிச்சுக்கிட்டு போங்க, பாட்டு நடக்கும்போது அது எங்க ஒதுங்குது எங்க உள்ள வருதுன்னு. பெரியவருக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர் மேல உள்ளங்கைய வச்சுக்கிட்டு கேக்குறாரு. இந்த லெட்டர் எழுதப்போறேன்னு சொன்னதும் ரெட் ஃபாக்ஸ சேர்க்க மறந்துடாதேன்னாரு, சேர்த்துட்டேன்.

இப்படிக்கு,
உங்க பல வருஷத்து வாசகர்,
மேரிலாந்து