விடியலில் தியானம் செய்யும் மகளுக்கு

கீழமாசி வீதி,
மதுரை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல். விடியற்காலையில் எழுந்து தியானம் செய்யத் தொடங்கியிருப்பதாகவும், உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே தலை கவிழ்ந்து தூக்கம் வந்துவிடுவதாகவும், எழுந்த பிறகு முன்னிலும் சோர்வாக இருப்பதாகவும் அம்மாவிடம் சொன்னாயாம். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி அன்று என்பதால் எழுதுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் உட்கார்ந்து, வைத்தியர்கள் எழுதித்தரும் சீட்டுகளைப் படித்தும் அவர்களிடம் கேட்டும் சேர்த்த அறிவுதான் எனக்கு உண்டு. ஆனாலும் இந்தச் சோர்வுக்கு உன் மனத்தின் பலவீனம் காரணமில்லை என்று உறுதியாகச் சொல்வேன். உட்காருவதற்கு முன்னால் உடம்புக்குச் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் நேரே கண்ணை மூடுகிறாய். அதுதான் காரணம்.

ஆயுர்வேதத் தியானம் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். ஆயுர்வேத நூல்களில் தினசரியை, அதாவது அன்றாட ஒழுங்கைப் பற்றிய பகுதிகள் தியானத்தைப் படிப்படியாகக் கற்றுத்தருவன அல்ல. மூச்சுப் பயிற்சியையும் மனத்தை ஒருமுகப்படுத்தும் முறையையும் யோக மரபிலிருந்துதான் பெறுகிறோம். எப்போது எழுவது, எதைக் கழிப்பது, எவ்வளவு உழைப்பது, எந்தப் பருவத்தில் எதை மாற்றுவது என்னும் ஒழுங்கை ஆயுர்வேதம் தருகிறது. அந்த ஒழுங்கின் மேல் உட்கார்ந்தால்தான் தியானம் உற்சாகம் தரும் என்பது என் கருத்து.

உடல்நலத்தோடு இருப்பவர் தம் ஆயுளைக் காத்துக்கொள்ளப் பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்று அஷ்டாங்க ஹிருதயம் என்னும் ஆயுர்வேத நூலில் அதன் ஆசிரியர் வாக்படர் தினசரியைத் தொடங்குகிறார். ‘உடல்நலத்தோடு இருப்பவர்’ என்னும் வரையறையை நீ கவனிக்க வேண்டும். காய்ச்சலில் கிடப்பவரையோ இரவெல்லாம் கண்விழித்தவரையோ எழுப்பி உட்கார வைப்பதற்கான விதி அன்று இது. ஒரு முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். சூரியன் உதிப்பதற்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிவது பிரம்ம முகூர்த்தம். இங்கே ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் நாளில் அது 4.24 முதல் 5.12 வரை இருக்கும். மதுரையின் கடிகாரத்தை டொராண்டோவில் வைத்துக்கொண்டு நான்கரை மணிக்கு எழுகிறாய் போலும். அங்கே டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்க ஏறத்தாழ 7.48 ஆகிவிடும், ஆகவே 6.12க்கு எழுந்தாலே போதும். ஜூன் மாதத்திலோ 5.36க்கெல்லாம் உதித்துவிடும், மாலையில் ஒன்பது மணி வரை வெளிச்சமும் இருக்கும். அந்த மாதங்களில் நான்கு மணிக்கு எழுவதற்காக உறக்கத்தைக் குறைத்துக்கொள்ளாதே. உணவு, உறக்கம், பிரம்மச்சரியம் ஆகிய மூன்றையும் உடலைத் தாங்கும் துணைத்தூண்கள் என்று இன்னோர் ஆயுர்வேத ஆசிரியரான சரகர் சொல்கிறார். எத்தனை மணி நேரம் தியானம் செய்தாலும் அவற்றில் ஒன்றான உறக்கத்தின் இடத்தை அது நிரப்பாது.

இந்த நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், பகலை மூன்றாகப் பகுத்து முதற்பகுதியைக் கபத்துக்கும், நடுப்பகுதியைப் பித்தத்துக்கும், கடைப்பகுதியை வாதத்துக்கும் உரியதாகச் சொல்கிறார்கள். இரவுக்கும் அதே பகுப்புதான். இரவின் கடைசிப் பகுதி வாதத்தின் காலமாதலால் அப்போது உடம்பு இலேசாகவும் அறிவு விழிப்பாகவும் இருக்கும். கபத்தின் காலம் தொடங்கிய பிறகும் படுத்திருந்தால் அதன் கனமும் மந்தமும் உடம்பில் ஏறிக்கொள்கின்றன. ஆனால் வாதத்துக்கு அலைபாயும் குணமும் உண்டு. அதனால்தான் அந்நேரத்தில் வெறுமனே கண்ணை மூடினால் மனம் ஒன்று ஓடுகிறது, இல்லையேல் உறங்குகிறது.

எழுந்தவுடன், முந்தின இரவு உண்டது செரித்திருக்கிறதா என்று பார். ஏப்பம் சுத்தமாக இருக்கிறதா, வயிறு இலேசாக இருக்கிறதா, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். செரிக்காத நாளில் தியானத்தில் உட்கார்ந்து உறக்கத்தோடு போராட வேண்டாம். வெந்நீர் குடித்துவிட்டு இன்னும் சிறிது நேரம் படுத்துக்கொள். வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்குத் தயிர்சாதம் சாப்பிடுவதாக அம்மா சொன்னாள். இரவில் தயிர் ஆகாது என்பதில் வைத்திய நூல்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நடுராத்திரியிலும் இட்லிச் சட்டியில் ஆவி பறக்கும் ஊரில் வளர்ந்த உனக்கு இது கடினம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துக்கொள். காலைச் சோர்வில் பெரும்பகுதி அப்போதே நீங்கிவிடும்.

மலசலம் கழித்து, பல் துலக்கி, நாக்கு வழித்து, வெந்நீர் அருந்திய பிறகே உட்கார வேண்டும். மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி முதலிய பதின்மூன்று வேகங்களை, அதாவது உடம்பின் இயற்கை உந்துதல்களை, அடக்கலாகாது என்பது விதியாதலால், தியானம் கலைந்துவிடுமே என்று எதையும் அடக்கிக்கொண்டு உட்காராதே. முழு எண்ணெய்க் குளியலுக்கு நேரமில்லாத நாளில் தலை, காது, பாதம் ஆகிய மூன்றுக்குமாவது எண்ணெய் தடவு. வாக்படர் சிறப்பாக எடுத்துச் சொல்லும் இடங்கள் இவை. அந்தக் குளிருக்கு நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிப் பாதத்தில் தேய்த்துக்கொண்டாலே வாதம் அடங்கும். சளி கட்டியிருக்கும் நாளிலும் செரிக்காத நாளிலும் எண்ணெய் வேண்டாம்.

அதன் பிறகு மூச்சு. நீ உன் அப்பத்தாவைப் போலக் கப உடம்புக்காரி. ஆழ்ந்து உறங்குவாய், மெதுவாக எழுவாய், பனிக்காலத்தில் சளி பிடிக்கும். உனக்குக் கபாலபாதி பொருந்தும். வயிற்றை உள்ளிழுத்து மூச்சை மூக்கு வழியாக வெடுக்கென வெளியே தள்ள வேண்டும். உள்மூச்சு தானே வரும். இருபது முறை செய்து, இயல்பான மூச்சுக்குத் திரும்பி, மறுபடி ஒரு சுற்று செய்தால் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், குடலிறக்கம் உள்ளவர்களும் இதைச் செய்யக் கூடாது; மாதவிலக்கு நாட்களில் நீயும் விட்டுவிடு. பிறகு நாடிசுத்தி, அதாவது ஒரு நாசியால் இழுத்து மறு நாசியால் விட்டு, மாறி மாறிச் செய்யும் மூச்சு. திருமூலர் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, உள்ளே அடக்கும் கும்பகத்துக்கு 64, வெளியே விடும் இரேசகத்துக்கு 32 மாத்திரை என்று கால அளவு சொல்கிறார். குரு அருகில் இல்லாமல் 64 மாத்திரை மூச்சை அடக்கும் முயற்சியில் நீ இறங்கக் கூடாது. இழுப்பதைப்போல் இருமடங்கு விடுவது என்னும் விகிதத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள். நான்கு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு, இடையில் அடக்காதே.

இப்போது உட்காரலாம். உற்சாகத்துக்கென்றே ஒரு வாயுவை ஆயுர்வேதம் சொல்கிறது. உடம்புக்குள் இயங்கும் பிராணன், உதானன், வியானன், சமானன், அபானன் என்னும் ஐந்து வாயுக்களில் உதானனுக்கு இருப்பிடம் மார்பு. அது மூக்கு, தொண்டை, தொப்புள் வரை உலவுகிறது. பேச்சு, முயற்சி, ஊக்கம், வலிமை, நிறம், நினைவு ஆகியவை அதன் செயல்கள். வியானனோ இதயத்தில் இருந்துகொண்டு உடல் முழுவதும் விரைந்து பரவுவது. ஆகவே, காலையில் ஊக்கம் வேண்டுமென்றால் கவனத்தைப் புருவ நடுவில் இறுக்கிப் பிடிப்பதைவிட மார்பில் வைப்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிழக்கு நோக்கி முதுகை நிமிர்த்தி உட்கார். சாய்வு வேண்டாம், கண்ணைப் பாதி திறந்து வை. உள்மூச்சில் தொப்புளின் வெம்மை மார்புக்கு ஏறுவதாகவும், வெளிமூச்சில் அது மார்பிலிருந்து கை கால்களுக்குப் பரவுவதாகவும் கவனி. உறக்கம் வந்தால் அதனோடு சண்டையிடாமல், வாயை மூடி வெளிமூச்சில் வண்டின் ரீங்காரம்போல் ‘ம்’ என்று ஒலி எழுப்பு. ஒலியும் உதானனின் வேலையே. தொண்டையிலும் மார்பிலும் அந்த அதிர்வை உணரும்போது விழிப்பு தானாக வந்துவிடும். கால் மணி நேரம் போதும்.

மாப்பிள்ளை மெலிந்த உடம்பும் ஓயாத சிந்தனையும் உடைய வாதக்காரர். அவருக்குக் கபாலபாதி வேண்டாம். போர்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, இருக்கையில் உடம்பின் கனத்தை உணர்ந்தபடி நாடிசுத்தி மட்டும் செய்யட்டும்.

எழுந்தபின் உடற்பயிற்சி செய்தால், உன் பலத்தில் பாதி அளவோடு நிறுத்து; நெற்றியில் வியர்வை அரும்பினால் அது போதுமான அறிகுறி. பனிக்காலத்துக்கும் வசந்தத்துக்கும் உரிய அளவு இது. மற்றப் பருவங்களில் இன்னும் குறைக்க வேண்டும். முன்பனிக்காலத்தில் இரவு நீண்டிருப்பதால் விடிந்தவுடனேயே பசி எடுக்கும் என்று அஷ்டாங்க ஹிருதயத்திலேயே இருக்கிறது. அங்கே டிசம்பரில் வெறும் வயிற்றோடு இருந்து காபியால் பசியை அடக்குவது உடம்புக்குச் செய்யும் தீங்கு. கஞ்சியோ இட்லியோ சூடாகச் சாப்பிட்ட பிறகு காபி குடி.

வரும் வாரம் அனுப்பும் பார்சலில் செக்கு நல்லெண்ணெயும், சுக்கும், இரண்டு செம்பு நாக்கு வழிப்பான்களும் வைக்கிறோம். சுக்கைத் தட்டி வெந்நீரில் கொதிக்க வைத்துக் குடி. சில நாள் இப்படிச் செய்துவிட்டு, நாக்கின் வெண்மை குறைந்திருக்கிறதா, எழுந்த சிறிது நேரத்தில் பசிக்கிறதா என்பதை எழுது. அதைப் பார்த்துத்தான் இரவுச் சாப்பாட்டில் இன்னும் என்ன மாற்றலாம் என்று நம் வைத்தியரிடம் கேட்க முடியும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா