ஆண்டறிக்கை 2014-15: ஏழுக்கு ஒன்று போன வருடம்

தலைவர் அவர்களே, மூத்த அண்ணன்மார்களே, உறுப்பினர்களே, வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் பசங்களே, அனைவருக்கும் வணக்கம். 2014 ஏப்ரல் முதல் 2015 மார்ச் வரை நமது கால்பந்து ரசிகர் மன்றத்தில் நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது, இரண்டு முறை கோரம் இல்லாமல் கலைந்தது. மன்றத்தின் கூரைத் தகடுகள் மழைக்கு முன்பே மாற்றப்பட்டன. சிறுவர்களுக்கான ஐவர் போட்டி மே மாதம் நடந்தது. கேரம் பவுடருக்கு ஆன செலவைப் பற்றிப் பொருளாளர் தனியாகப் பேசுவார், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் எதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்ற ஜூலை 9 பற்றிய அறிக்கை இது.

வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதப் போக, நாமும் அதை முழுசாக நம்பிவிட்டோம். உலகக் கோப்பை பிரேசிலிலேயே நடக்கிறது என்றதும் சந்தா பாக்கி வைத்திருந்தவர்கள்கூடக் கட்டினார்கள். புரொஜெக்டர் வாடகை, வெள்ளைத் துணி, சுவரில் மஞ்சள் பச்சைக் கொடி வரையப் பெயிண்ட் என்று செலவு ஆனது. அதற்கு ரசீது இருக்கிறது. ரசீது இல்லாத ஒரு செலவும் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கால் இறுதியில், ஜூலை 4 அன்று, கொலம்பியாவின் சூனிகா முழங்காலால் முதுகில் இடித்ததில் நெய்மாருக்கு முதுகெலும்பில் விரிசல். தெருவே இழவு வீடு போல ஆனது. அதே ஆட்டத்தில் கேப்டன் தியாகோ சில்வா, எதிரணி கோல்கீப்பர் பந்தை உதைக்கப் போகும்போது குறுக்கே போய் மஞ்சள் அட்டை வாங்கினார். தொடரில் அது அவருக்கு இரண்டாவது, அரையிறுதியில் ஆட முடியாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிபென்ஸில் ஆடிக் கால் தேய்ந்த நம் பெரியவர் ஒருவர் மட்டும், "நெய்மார் இல்லன்னா கோல் அடிக்க மாட்டோம், சில்வா இல்லன்னா கோல் வாங்குவோம்டா" என்றார். அவரை வாயைக் கழுவச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இந்த அறிக்கை மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அரையிறுதி தொடங்கியபோது நமக்குப் புதன்கிழமை அதிகாலை ஒன்றரை மணி. அறுபது பேருக்கு மேல் கூடியிருந்தோம். தேசிய கீதத்தின்போது டேவிட் லூயிஸும் கோல்கீப்பர் ஜூலியோ சீசரும் நெய்மாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். நம் பசங்களும் எழுந்து நின்றார்கள். என் அம்மா, "ஆளு இல்லாத சட்டைய ஏன்டா தூக்கிப் பிடிக்கிறாங்க, நல்லதுக்கில்ல" என்றார். பதினோராவது நிமிடம் கார்னர் வந்தது. ஜெர்மனியின் முல்லரைச் சீண்ட ஆளில்லை, சாவகாசமாக அடித்தார். ஒரு கோல்தானே, இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் டீ எடுத்துவர வீட்டுக்குப் போனேன்.

என் மேல் உள்ள புகார் இதுதான். "செயலாளர் டீக்குப் போனதிலிருந்துதான் ஆரம்பித்தது" என்று எழுத்து மூலம் கொடுத்திருக்கிறார்கள், கோப்பில் வைத்திருக்கிறேன். இருபத்து மூன்றில் குளோசா, இருபத்து நாலிலும் இருபத்தாறிலும் குரூஸ், இருபத்தொன்பதில் கெதிரா. பிளாஸ்க்கோடு நான் திரும்பி வந்தபோது திரையில் ஜெர்மனி கோல் அடித்துக்கொண்டிருந்தது. முதல் கோலின் ரீப்ளே என்று நினைத்து, "எத்தன தடவடா அதையே காட்டுவாங்க" என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மூலையில் 0-5 என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. குளோசாவின் கோல் உலகக் கோப்பையில் அவருடைய பதினாறாவது. பிரேசிலின் ரொனால்டோ பதினைந்தோடு வைத்திருந்த சாதனை, ரொனால்டோ அதே மைதானத்தில் உட்கார்ந்திருக்கும்போதே போனது.

ஐந்தாவது கோலுக்கு நம் உறுப்பினர் ஒருவர் மிச்சம் இருந்த தீபாவளிச் சரத்தைக் கொளுத்தினார். அவர் 1990-லிருந்து ஜெர்மனி ரசிகராம், இத்தனை வருடம் வெளியில் சொல்லாமல் இருந்திருக்கிறார். தள்ளுமுள்ளில் பிளாஸ்க் உடைந்து டீ முழுவதும் கொட்டியது. அவரை நீக்க வேண்டும் என்று பதினேழு பேர் கையெழுத்திட்ட மனு வந்தது. செயற்குழு விதிகளைப் புரட்டிப் பார்த்தது. "கால்பந்தை நேசிக்கும் எவரும்" என்றுதான் இருக்கிறது, நாட்டைக் குறிப்பிடவில்லை. மனு தள்ளுபடி. பிளாஸ்க்குக்கான பணத்தை அவர் கட்டிவிட்டார்.

இடைவேளையில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். விடிந்தால் ஹார்பர் வேலைக்குப் போகிறவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டம் நடந்த பெலோ ஒரிசோன்டே நகரில் நடந்ததை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். முகத்தில் பெயிண்ட் அடித்த குழந்தைகள் அழுதார்கள். பிரேசிலின் முன்கள வீரர் பிரெட் பந்தைத் தொட்டாலே ஊளையிட்டார்கள். அப்புறம் ஒரு கட்டத்தில் ஜெர்மனியின் ஒவ்வொரு பாஸுக்கும் "ஓலே" சொல்ல ஆரம்பித்தார்கள். கிண்டலா, ரசனையா, இரண்டும்தானா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஷுர்லே தன் இரண்டாவது கோலை மேல் கம்பத்தில் பட்டு உள்ளே விழ அடித்தபோது பிரேசில்காரர்களே எழுந்து கைதட்டினார்கள். தொப்பி போட்ட, மீசைக்காரத் தாத்தா ஒருவர் கோப்பையின் மாதிரியை நெஞ்சோடு அணைத்து நின்ற படத்தை மறுநாள் எல்லோரும் பார்த்தீர்கள். அதை அவர் பிறகு ஒரு ஜெர்மனி ரசிகையிடம் கொடுத்துவிட்டார்.

தொண்ணூறாவது நிமிடம் ஆஸ்கர் ஒரு கோல் அடித்தார். துணிக்கு முன்னால் அப்போது பதினாலு பேர் இருந்தோம். கோப்பையே வந்துவிட்டது போலக் கத்தினோம். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. காலையில் தெரிந்துகொள்ளட்டும்.

பின்வந்த வாரங்களில் மன்றத்தில் வேறு பேச்சே இல்லை. 1950 உலகக் கோப்பையில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றதோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். பெரியவர், "அது வலி, இது வெட்கம்" என்றார். போட்டித் தொடர்களில் பிரேசில் சொந்த மண்ணில் இதற்கு முன் கடைசியாகத் தோற்றது 1975-ல், அதுவும் இதே மினெய்ரோ மைதானத்தில் பெருவிடம் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். பந்தைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்ததே பிரேசில்தான் என்று இன்னொருவர் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். "நெய்மார் மட்டும் இருந்திருந்தா" என்று தொடங்குகிறவருக்குப் பத்து ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போட்டோம். வசூல் முந்நூற்று நாற்பது ரூபாய். இந்த வருடம் நம் கணக்கில் உபரி காட்டும் ஒரே தலைப்பு அதுதான். பிரேசிலிலும் கையிலிருக்கும் தட்டு விழுந்தால்கூட "ஜெர்மனி கோல்" என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. நம் தெருவில் கரண்ட் போனால் "அடுத்த கோல்" என்கிறார்கள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 0-3. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இறுதிப் போட்டியில் கோட்சே 113-வது நிமிடம் அடித்த கோலில் ஜெர்மனி அர்ஜென்டினாவை வென்றது. சரம் கொளுத்தியவர் அன்று முன்வரிசையில் உட்கார்ந்தார், அனுமதித்தோம்.

அக்டோபரில் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடர் தொடங்கியது. நேரு ஸ்டேடியத்துக்கு எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து போனோம். பிரேசிலின் எலானோ சென்னைக்கு ஆடி எட்டு கோல் அடித்தார், அந்த சீசனில் அதுதான் அதிகம். நம் ஜூலை மாதத்து ரணத்துக்கு அது மருந்தாகத்தான் இருந்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளாவிடம் 0-3. "மறுபடியும் டீக்குப் போனியா?" என்று என்னைக் கேட்டார்கள். போகவில்லை. டிசம்பர் 16 அன்று சென்னையில், ஜூலையில் இடைவேளையிலேயே எழுந்து போன அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மூன்று கோலையும் திருப்பி அடித்தோம். கூடுதல் நேரத்தில் 117-வது நிமிடம் பியர்சன் அடித்த கோல் கேரளாவை இறுதிக்குக் கொண்டுபோனது. அன்று ஒருவரும் பாதியில் எழவில்லை. கடைசி ரயிலை விட்டுவிட்டு பேசின் பிரிட்ஜ் வழியாக நடந்தே வந்தோம், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

கடைசியாக, ரசீது இல்லாத செலவு. பிரேசில் இறுதிக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் "இறுதிப் போட்டி 2014" என்று முதுகில் அச்சடித்த நாற்பது மஞ்சள் டி-ஷர்ட்டுகளுக்கு முன்பணம் கொடுத்தது நான்தான். தணிக்கையாளர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். மூட்டை வந்து இறங்கியது ஜூலை 9 காலை ஒன்பது மணிக்கு. தூங்காத கண்ணோடு நானேதான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வரும் மே மாதம் சிறுவர் போட்டியில் ஒரு அணிக்கு அவற்றைக் கொடுக்கலாம், முதுகில் இருப்பதை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பெரியவர்களில் யாருக்காவது வேண்டுமென்றால் சனிக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்ளலாம். எக்ஸெல் சைஸ் மட்டும்தான் மிச்சம்.

இங்ஙனம்,
செயலாளர்