முட்டியை மடக்கி நில்

மதுரை
வெள்ளி இரவு

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். கரிமேட்டு அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியை மாற்றியாச்சு. நீ அனுப்பியதில் மிச்சம் அம்மாவிடம் இருக்கிறது. மூணு வாரமாக உன் ஃபோன் "சாப்பிட்டியாம்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது. அப்பாவிடம் கொடு என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. எழுதினால் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும், அதனால் எழுதுகிறேன்.

ஜூனியர் பாஸ்கெட்பால் பையன்களுக்குக் கோச்சாக வரச் சொல்லிக் கேட்டார்களாம், நீ பதிலே சொல்லவில்லையாம். யார் சொன்னது என்று கேட்காதே. அதைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். வேறெதையும் நான் கேட்கவில்லை.

அமெரிக்க பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் ஜெர்ரி ஸ்லோன் பேரை எடுத்தாலே சின்ன வயசில் உனக்குப் பிடிக்காது. பாயிண்ட் போடுகிறவர்கள் படத்தைத்தான் சுவரில் ஒட்டுவாய். இப்போது ஒரு தடவை பொறுமையாகக் கேள். பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை, இல்லினாய் பக்கத்து விவசாயக் குடும்பம், தகப்பன் போனபோது நாலு வயசு. 1966இல் சிகாகோ புல்ஸ் அணி தொடங்கியபோதே அதில் இருந்தவர். ஆட்டத்துக்குச் சராசரி 14 பாயிண்ட், அது பெரிசில்லை. வளையத்துக்குத் தள்ளி நின்று ஆடும் 6 அடி 5 அங்குலக் கார்டு, வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, சராசரி 7.4 எடுத்திருக்கிறார், அதைப் பார். போர்டுக்குக் கீழே நெடுமரமாய் நிற்கிறவர்கள் நடுவில் அந்த உயரத்துக்கு அத்தனை பந்து கிடைக்கிறதென்றால், ஷாட் கிளம்பும்போதே எதிராளியை முதுகில் வாங்கி இடம் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். என்.பி.ஏ. என்கிற அவர்களுடைய பெரிய லீகில் சிறந்த டிஃபென்ஸ் அணி என்று தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது 1968-69 சீசனில். அந்த முதல் வருஷமே முதல் அணியில் இவர் பேர் இருக்கிறது. மொத்தம் நாலு தடவை முதல் அணி, ரெண்டு தடவை இரண்டாம் அணி.

கடைசி சீசனில் 22 ஆட்டம்தான் ஆட முடிந்தது. முட்டி விட்டுவிட்டது. 1976இல் நிறுத்தினார். அதற்கப்புறம் அவர் போட்டிருந்த 4ஆம் நம்பரை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று புல்ஸ் அறிவித்தது. அந்த அணி அப்படி எடுத்துவைத்த முதல் நம்பர் அதுதான்.

கோச்சானதும் எல்லாம் கூடிவந்துவிடவில்லை. 1979இல் அதே புல்ஸுக்குக் கோச், மூணாவது சீசன் முடிவதற்குள் வேலை போய்விட்டது. சொந்த வீட்டிலிருந்து அனுப்பப்பட்டவர், ஆள் தேடிப் பார்த்துச் சொல்லும் வேலை பார்த்தார், சின்ன லீகில் இருந்தார், யூட்டா ஜாஸ் அணியில் உதவிக் கோச்சாக உட்கார்ந்தார். 1988 டிசம்பரில் தலைமைக் கோச். அங்கிருந்து இறங்கியது 2011 பிப்ரவரியில். மொத்தம் 1221 வெற்றி. 1997இலும் 1998இலும் ஃபைனல் வரை கூட்டிப்போனார். ரெண்டிலும் தோற்றது தன் 4ஆம் நம்பர் தொங்குகிற அந்த புல்ஸிடம். இத்தனைக்கும் வருஷத்தின் சிறந்த கோச் என்ற விருது அவருக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. 2003இல் அவருடைய ரெண்டு பெரிய ஆட்டக்காரர்களில் ஸ்டாக்டன் ஓய்வு, மலோன் வேறு அணிக்குப் போய்விட்டார். இந்த அணி அடியோடு சாயும் என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்த சீசனில் 42 வெற்றி, 40 தோல்வி. டிஃபென்ஸ் தெரிந்த ஆள் கையில் அணி இருந்தால் அப்படித்தான், பெரிய ஆட்டக்காரர்கள் போனாலும் அடித்தளம் போகாது.

நீயும் டிஃபென்ஸ்காரன்தான். ஸ்கோர் ஷீட்டில் உன் பேருக்கு நேரே எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது, ஆனால் எதிர் அணியின் நல்ல கையை நாலு குவார்ட்டரும் கட்டிப்போட்டுவிட்டு வருவாய். உன்னைப்போல ஒருத்தனை நான் இந்த ஊரில் பார்க்கவில்லை. அதை உன்னிடம் நேரில் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

சரி, பையன்களிடம் போகும் முதல் நாள் பந்தை வெளியே எடுக்காதே. பந்தைப் பார்த்துவிட்டால் பதினாலு வயசுப் பையன் காதில் எதுவும் ஏறாது. முதலில் நிற்கக் கற்றுக்கொடு. பாதங்கள் தோளைவிடக் கொஞ்சம் அகலம், எடை முன்பாதத்தில், குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும். முட்டியை மடக்கி, இடுப்பை இறக்கி, முதுகை நிமிர்த்தி. இடுப்பில் மட்டும் குனிந்து முட்டியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான். அதில் தலை முன்னால் போய்விடும், எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டே ஒரு தடவை திரும்பினாலே ஆள் விழுந்துவிடுவான். 20 வினாடி நிற்கவை, 40 வினாடி ஓய்வு, நாலு தடவை. தொடை எரிகிறது என்று சொன்னால் சரியாக நிற்கிறான்.

அப்புறம் பக்கவாட்டு நகர்வு. இடப்பக்கம் போக வலது காலால் தள்ள வேண்டும். இடது காலை நீட்டி இழுத்தால் வேகம் வராது. ரெண்டு காலும் ஒன்றையொன்று தொடக் கூடாது, குறுக்கே போகவே கூடாது. வளையத்துக்குக் கீழே இருக்கும் கட்டம், அந்த பெயிண்ட், 4.9 மீட்டர் அகலம், இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு 30 வினாடி, எத்தனை தடவை தொட்டான் என்று நோட்டில் எழுதிவை. தலை ஏறி இறங்கினால் எண்ணிக்கையில் சேர்க்காதே. களைத்தவுடன் நிமிர்ந்துவிடுவார்கள், நான்காவது குவார்ட்டரில் ஃபவுல் பிறப்பது அங்கேதான். நிமிர்ந்தவனுக்குக் கால் நகராது, கால் நகராதவன் கையை நீட்டுவான். கையை மேலிருந்து கீழே வீசினால் பந்தைத் தொட்டாலும் பெரும்பாலும் ரெஃப்ரி விசில் ஊதுவார். கீழிருந்து உள்ளங்கை மேலே பார்க்கத் தட்டச் சொல். ஒரு குவார்ட்டரில் அணிக்கு நாலு ஃபவுல் தாண்டினால் அடுத்ததற்கெல்லாம் ரெண்டு ஃப்ரீ த்ரோ போகிறது. அதையும் முதல் வாரமே சொல்லிவை.

ஷூட்டரை நோக்கி ஓடும்போது முக்கால் தூரம் முழு ஓட்டம், கடைசி ரெண்டு எட்டு சின்னச் சின்னதாக, இடுப்பு கீழே, ஒரு கை மேலே. முழு வேகத்தில் போய் நின்றால் அவன் பந்தை ஒரு தட்டுத் தட்டித் தாண்டிப் போவான். நின்ற காலில் உடம்பு திரும்பும்போதுதான் முட்டிக்கும் ஆபத்து.

ஷெல் டிரில் உனக்குத் தெரியும். நாலு பேர் வெளியே பந்தைச் சுற்றிவிட, நாலு பேர் டிஃபென்ஸ். பந்து கைக்குப் போய்ச் சேர்ந்தபின் நகர்கிறவன் ஒரு எட்டுப் பின்தங்கிவிட்டான். பந்து காற்றில் இருக்கும்போதே நாலு பேரும் இடம் மாறியிருக்க வேண்டும். கத்தச் சொல். நம் பையன்கள் வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள், "ஹெல்ப்" என்று தொண்டை கிழியக் கத்துகிறவனைப் பத்து நாள் பாராட்டு, மற்றவர்களும் தொடங்குவார்கள்.

எதை விட்டாலும் இதை விடாதே. பயிற்சிக்கு முன்னால், வாரத்தில் மூணு நாள், இறங்கும் பழக்கம். 30 சென்டிமீட்டர் படியிலிருந்து குதித்து ரெண்டு காலிலும் சத்தமில்லாமல் இறங்கணும், முட்டி ரெண்டாவது விரலுக்கு நேராக இருக்கணும், ரெண்டு வினாடி அசையாமல் நிற்கணும். ஐந்து ஐந்தாக மூணு தடவை. நீ முன்னால் நின்று பார். முட்டி உள்பக்கம் விழுகிறவனை அன்றைக்கு ஓட விடாதே. ஏ.சி.எல்., அதாவது முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கும் நார், கிழிவது பெரும்பாலும் யாரும் இடிக்காமலேதான். பாதம் பதிந்திருக்கும், முட்டி உள்ளே விழும், உடம்பு திரும்பும், அவ்வளவுதான். அதுவும் நம்மூர் சிமெண்ட் தரையில். முட்டி உள்ளே விழக் கூடாது, அதை மட்டும் பார்.

ஸ்லோனைப் பற்றி இன்னொன்று. 1977இல் தான் படித்த எவன்ஸ்வில் கல்லூரிக்குக் கோச்சாக ஒத்துக்கொண்டு, அஞ்சு நாளில் வேண்டாம் என்று விலகினார். அந்த டிசம்பரில் அந்தக் கல்லூரி அணி போன விமானம் விழுந்து, போன பையன்களும் கோச்சும் செத்துப்போனார்கள். அதைப் படித்ததிலிருந்து உங்கள் டீம் ராத்திரி பஸ்ஸில் கிளம்புகிற அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு காலாவது கொடு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நீ கொடுப்பதில்லை.

முட்டியைக் கேட்க மாட்டேன் என்றுதான் ஆரம்பித்தேன். ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால், அது முடிந்து 9 மாதம் ஆவதற்கு முன்னால் மேட்ச் ஆடாதே. அந்தக் காலின் தொடை பலம் மற்றதில் 90 சதவீதமாவது வந்ததா என்று அளந்து பார்க்கச் சொல். டீமில் யார் அவசரப்படுத்தினாலும் இறங்காதே. அவசரப்படுத்துகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் ஆள் நான்.

பிளஸ் டூ வருஷம் செமி ஃபைனலில் நீ விழுந்தாய். ரெண்டு மணி நேரத்துக்குள் முட்டி பப்பாளிப் பழம் மாதிரி ஆனது. அத்தனை சீக்கிரம் வீங்கினால் பெரும்பாலும் உள்ளே ரத்தம் கசிகிறது, உள்ளே ஏதோ கிழிந்திருக்கலாம், அப்படியே ஆடினால் முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் போகும். இது எனக்கு அன்றைக்கே தெரியும், தம்பி. தெரியாமல் செய்யவில்லை. கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, "ஓடுனா சரியாயிரும்" என்று மறுநாள் ஃபைனலில் இறக்கினேன். உன் முகத்தைப் பார்த்தேன், நீ என் முகத்தைப் பார்த்தாய், சரிப்பா என்றாய். கோச்சாக என் பேர் வர வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்தக் கோப்பை டி.வி.க்கு மேலேதான் இருந்தது. போன வாரம் அம்மா அதை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கோச் வேலையை ஒத்துக்கொள், ஒத்துக்கொள்ளாதே, அது உன் முடிவு. ஒத்துக்கொண்டால் வீங்கின முட்டியோடு எந்தப் பையன் வந்தாலும் உட்காரவை, ஃபைனலாக இருந்தாலும் சரி.

ஞாயிறு காலை வைகையில் ஏறுகிறேன், மதியம் வந்துவிடுவேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கவரிலிருந்து எடுத்து வெளியே வை. அம்மா இட்லிப் பொடி தருகிறாள். ஸ்டேஷனுக்கு நீ வராதே, படி ஏறி இறங்க வேண்டாம். வழி எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அப்பா