குவில்ட் தையல் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், பொருளாளருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஆண்டு 11 மாதக் கூட்டங்கள் நடந்தன. பன்னிரண்டாவது கூட்டத்தன்று மின்சாரம் இல்லை. மிஷின் ஓடாத கூட்டத்துக்கு யார் வருவார்கள்? விட்டுவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நம்மிடம் இருக்கும் இரண்டு பெரிய கட்டிங் பாய்களில் ஒன்று வெயில் பட்டு வளைந்துவிட்டது. அதை ஜன்னலோரம் வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. வளைந்த பாய் லேசில் நேராகாது என்பதை மட்டும் சம்பந்தப்பட்டவர் தெரிந்துகொள்ளட்டும்.

இனி புதிர்ப் போர்வை. இந்த ஆண்டு நாம் செய்தது கிட்டத்தட்ட அது ஒன்றுதான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குவில்ட் என்றால் துணித் துண்டுகளை இணைத்து மேல்துணியாக்கி, அடியில் பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைக்கும் போர்வை. சாதாரணமாக அதைத் தைக்கும்போது முதலில் படத்தைப் பார்ப்போம், பிடித்திருந்தால் துணி எடுப்போம். புதிர்ப் போர்வையில் படம் கிடையாது. வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று வகைத் துணியில் எது எவ்வளவு வேண்டும் என்று மட்டும் முதலில் சொல்வார்கள். அப்புறம் மாதம் ஒரு குறிப்புத் தாள். "இத்தனை துண்டு வெட்டு, இப்படி இணை, எடுத்து வை." எதற்கு என்று கேட்கக் கூடாது. கடைசித் தாளில்தான் எல்லாம் சேர்ந்து உருவம் தெரியும்.

நம் புதிரை அமைத்துக் கொடுத்தவர், நாம் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் மூத்த உறுப்பினர். யார் என்ன கேட்டாலும் அவரிடமிருந்து வந்த பதில், "அடுத்த மாசம் வா." ஆறு மாதமும் அதே பதில்தான். 18 பேர் சேர்ந்தோம்.

துணி எடுப்பதிலேயே பாதிச் சண்டை. நிறம் வேறு, அடர்த்தி வேறு என்பது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. ஒரு உறுப்பினர் நல்ல சிவப்பும் நல்ல பச்சையும் எடுத்துவந்து, ஒன்று அடர், ஒன்று நடுத்தரம் என்று அடித்துச் சொன்னார். செல்போனில் இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினோம். இரண்டும் ஒரே சாம்பல். படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ என் வீட்டு ஜன்னல் திரையும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். படம் தெரியாமல் தைக்கும்போது இந்த வெளிர், அடர் கணக்கை மட்டும்தான் நம்ப முடியும். அது குழம்பினால் நட்சத்திரம் இருக்கும், ஆனால் யாருக்கும் தெரியாது.

முதல் குறிப்புக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு பரீட்சை வைத்தோம். 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, பக்கத்தில் பக்கமாகக் கால் இஞ்ச் ஓரம் விட்டுத் தைக்க வேண்டும். நடுப்பட்டி சரியாக 1 இஞ்ச் வர வேண்டும். 18 பேரில் சரியாக வந்தது 5 பேருக்கு. மிச்சப் பேருக்கு ஒரு நூலிழை, இரண்டு நூலிழை குறைந்தது. காரணம் எளிது. தையலை மடித்து அழுத்தும்போது அந்த மடிப்பே ஒரு நூல் அகலத்தைத் தின்றுவிடும். அதனால் ஓரத்தைக் கால் இஞ்சைவிட ஒரு நூலிழை குறைவாக விட்டுத் தைக்க வேண்டும். "ஒரு நூலுக்கா இவ்வளவு?" என்று கேட்டவர்களுக்குப் பெரியம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். நம் போர்வையில் ஒரு வரிசைக்கு 16 துண்டு, நடுவில் 15 தையல். ஒவ்வொரு பக்கமும் ஒரு வீசம், அதாவது இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்தால் தையலுக்கு அரைக்கால் இஞ்ச் போகும். வரிசை முடியும்போது கிட்டத்தட்ட 2 இஞ்ச் காணாமல் போயிருக்கும். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

முதல் குறிப்பு, நான்கு கட்டத் துண்டு 96. வெளிர் ஒன்றும் அடர் ஒன்றுமாக 2 இஞ்ச் பட்டிகளை நீளவாக்கில் இணைத்து, 2 இஞ்சுக்கு ஒன்றாக வெட்டி, இரண்டிரண்டாகத் திருப்பிப் போட்டுத் தைப்பது. 40 இஞ்ச் நீளப் பட்டி ஒரு ஜோடியில் 10 துண்டு கிடைக்கும். 10 ஜோடி தைத்தால் வேலை முடிந்தது. 1979ல் ஜப்பானிலிருந்து, வட்ட பிளேடை உருட்டி வெட்டும் சுழல் கட்டர் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் அட்டை வைத்துக் கோடு போட்டுக் கத்தரியால்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கை வலிக்கிறது. (கட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. வெட்டி முடித்ததும் பிளேடை மூடுங்கள். இந்த ஆண்டு ஒரு விரலோடு போயிற்று.)

இரண்டாம் குறிப்பு, பாதிக்குப் பாதி முக்கோணச் சதுரம், அதாவது பாதி வெளிர் முக்கோணம், பாதி அடர் முக்கோணம். அதுவும் 96. இங்கேதான் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 4 இஞ்ச் சதுரம் வெளிரில் ஒன்று, அடரில் ஒன்று எதிரெதிராக வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்டினால் இரண்டு சதுரம் வரும். 48 முறை இதே வேலை. அதோடு விட்டால் பரவாயில்லை. ஒவ்வொன்றையும் அழுத்தி, ஸ்கேலின் சாய்கோட்டைத் தையல் மேல் பொருத்தி, நான்கு பக்கமும் சீவி 3½ இஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். சாய்வாக வெட்டிய ஓரம் கிராஸில், அதாவது துணியின் நூலோட்டத்துக்குச் சாய்வாக, இருப்பதால் தொட்டாலே இழுபடும். அயர்ன் பாக்ஸை இங்குமங்கும் தேய்த்தவர்களுக்குச் சதுரம் சாய்சதுரம் ஆனது. தூக்கி வைத்து, அழுத்தி, தூக்க வேண்டும். அந்த மாதக் கூட்டத்தில் பேச்சே இல்லை, சீவல் சத்தம் மட்டும்தான். தரையெல்லாம் நூல் நூலாகத் துணி. எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் அது.

மூன்றாம் குறிப்பு. இதைப் பற்றி நான் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தப்பு என்னுடையது.

பெரியம்மா நோட்டில் கைப்பட எழுதித் தருவார். அதைத் தட்டச்சு செய்து, தாளாக்கிக் கொடுப்பது செயலாளர் வேலை. மூன்றாம் மாதம் பறக்கும் வாத்து என்கிற துண்டு, ஆளுக்கு 32. நடுவில் பெரிய முக்கோணம், இரண்டு பக்கமும் சின்ன முக்கோணம். 3½க்கு 6½ இஞ்ச் செவ்வகம் ஒன்று. அதன் இரண்டு மூலையிலும் 3½ இஞ்ச் சதுரத்தைச் சாய்வாகத் தைத்து, மூலையில் கால் இஞ்ச் விட்டு மிச்சத்தை வெட்டிவிட்டு, மடித்து அழுத்துவது. நோட்டில் இருந்தது வெளிர் செவ்வகம், அடர் சதுரம். நான் அடித்தது அடர் செவ்வகம், வெளிர் சதுரம். இரவு பதினொரு மணிக்கு அடித்தேன் என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. அவரிடம் காட்டாமலேயே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மற்ற எந்தக் குவில்ட்டிலும் இந்தத் தப்பு ஒரே நாளில் பிடிபட்டிருக்கும். படம் இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்போம். இங்கே சரி எது என்று தெரிந்த ஒரே ஆள் பெரியம்மா. அவர் இந்தப் போர்வையைத் தைக்கவில்லை, அதனால் தாளை வாங்கவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் ஒருவர் தைத்த வாத்துகளை வரிசையாக மேஜையில் அடுக்கினார். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தத் தாளைக் கொஞ்சம் கொண்டா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

அதற்குள் ஏழு பேர் 32ஐயும் தைத்து முடித்திருந்தார்கள். பிரித்துத் தைக்கலாம் என்றால் முடியாது. மூலையை வெட்டியாகிவிட்டது, செவ்வகம் இனி செவ்வகம் இல்லை. புதுத் துணிதான் வெட்ட வேண்டும். புதிர்ப் போர்வைக்கோ ஆரம்பத்திலேயே கணக்குப் பார்த்துத் துணி எடுத்தாகிவிட்டது, அதே துணி மறுபடி கிடைக்கும் என்று நம்ப முடியாது. மூன்று பேர் மற்றவர்களின் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி, முதலிலிருந்து தைத்தார்கள். அவர்களில் ஒருவர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். மற்ற நான்கு பேர், "வந்தது வரட்டும், இப்படியே போகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப் போனால் என்ன ஆகும் என்று பெரியம்மாவிடம் கேட்டோம். "அடுத்த மாசம் வா."

நான்காம் குறிப்பில் துண்டுகளைச் சேர்த்து 12 இஞ்ச் கட்டங்களாக்கினோம், இரண்டு வகையில் எட்டெட்டு. தையல்களை அடர் பக்கம் மடித்து அழுத்தியவர்களுக்கு மூலைகள் ஒன்றோடொன்று பல்லும் பல்லுமாகக் கவ்விக்கொண்டன. இஷ்டத்துக்கு அழுத்தியவர்கள் பின் குத்தியே மாய்ந்தார்கள். வாத்தின் மூக்குக்கு, அதாவது பெரிய முக்கோணத்தின் முனைக்கு, மேலே கால் இஞ்ச் துணி விடாதவர்களுக்கு இணைக்கும்போது மூக்கு அறுந்தது. இந்த இடத்தில் சிலர் உருவத்தை ஊகித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் எப்போதும் மௌனமாக உட்காரும் உறுப்பினர் இரண்டாம் மாதமே கட்டத் தாளில் வரைந்து கண்டுபிடித்துவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அவருக்கு நன்றி.

ஐந்தாம் மாதம் திரை விலகியது. 16 கட்டத்தையும் தரையில் நாலுக்கு நாலாக மாற்றி மாற்றிப் பரப்பினோம். எட்டு நட்சத்திரம், நடுவில் காற்றாடி, அவற்றுக்கு இடையே சாய்வாக ஓடும் சங்கிலி. முதல் மாதம் அலுத்துக்கொண்டே தைத்த நான்கு கட்டத் துண்டுகள்தான் அந்தச் சங்கிலி. ஒரே தாளில் இருந்து தைத்த போர்வைகள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. சிலதில் நட்சத்திரம் முன்னால் வந்தது, சிலதில் சங்கிலி. சிவப்பு-பச்சைக்காரர் துணியை மாற்றியது நல்லதாய்ப் போயிற்று.

என் தப்போடு போன நான்கு போர்வைகளை ஒரு ஓரமாகத்தான் விரித்தார்கள். அடர் நட்சத்திரம் வர வேண்டிய இடத்தில் வெளிர் நட்சத்திரம் வந்திருந்தது. அதைச் சுற்றி நான்கு அடர் முக்கோணங்கள் நடுவைப் பார்த்துக் குத்திக்கொண்டு நின்றன. உள்ளதைச் சொல்கிறேன், இரண்டு நன்றாக இருந்தன, ஒன்று சுமார், ஒன்று குழப்பம். பெரியம்மா நான்கையும் சுற்றி வந்து பார்த்து, "இது பகல் நட்சத்திரம்" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. குழப்பமாக வந்த போர்வைக்கு உரியவர் மட்டும் அந்தப் பெயரை ஏற்கவில்லை.

கரை வைப்பதில் ஒரு விஷயம். தாளில் 48½ இஞ்சுக்குக் கரை வெட்டச் சொல்லியிருந்தது. மேல்துணி 47 இஞ்சே வந்தவர்களும் 48½ வெட்டி இழுத்துப் பிடித்துத் தைத்தார்கள். ஓரம் அலை அலையாய் நின்றது. போர்வையை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, சராசரிக்குக் கரையை வெட்டுங்கள். தாளைவிட உங்கள் டேப் சொல்வதுதான் உண்மை, அதுவும் செயலாளர் அடித்த தாள் என்றால்.

ஆறாம் மாதம் அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் அடுக்கியது. 60 இஞ்ச் போர்வைக்கு அடித்துணி 68 இஞ்ச். பக்கத்துக்கு 4 இஞ்ச் கூடுதலாக விட்டோம். ஓரப்பட்டிக்கு 2½ இஞ்சில் 7 பட்டி. இன்றைய தேதிக்கு 13 மேல்துணி முடிந்திருக்கிறது. அதில் 6 முழுப் போர்வையாகிவிட்டது. 3 பேருடையது இன்னும் பையில்.

நடுவில் ஒரு கூட்டத்தில் குவில்ட் வரலாறு பற்றிப் பேசினோம். அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் என்ற பெண்மணி தைத்து, 1886ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் காட்சிக்கு வைத்த பைபிள் குவில்ட் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்டில் 1,920 பலகங்கள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி. எங்கெங்கோ இருந்தவர்கள் அந்த ஓர் அளவை மட்டும் வைத்துத் தனித்தனியே தைத்து அனுப்பியது. பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்து, "அவங்களுக்குத் தாள் அடிச்சுக் கொடுத்தது யாரு?" என்று கேட்டார். நான் என்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டும் புதிர் வேண்டும் என்று பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். செயற்குழு சார்பில் இரண்டு விதி முன்வைக்கிறேன். ஒன்று, விடை தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். இரண்டு, எந்தத் தாளும் வெளியே போகும் முன்னால், அந்தத் தாளை மட்டும் பார்த்து ஒருவர் ஒரு துண்டு தைத்து, விடை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். கடைசி வரிசை உறுப்பினர் இதற்குச் சம்மதித்திருக்கிறார். அதாவது தலையை ஆட்டினார்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. சங்க அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு டப்பாவில் 17 முக்கோணச் சதுரங்கள் கிடக்கின்றன. நீலமும் வெள்ளையும். அளந்து பார்த்தேன், எல்லாமே 3¼ இஞ்ச். உரியவர் யாரும் பார்க்காதபோது வந்து எடுத்துக்கொள்ளலாம்.

செயலாளர்