கீபோர்டு உறைந்தால் பவர் பட்டனை அமுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளி, கல்லூரி லேப்களில் உபுண்டு, பாஸ் (BOSS) போன்ற லினக்ஸ் கம்ப்யூட்டர்களை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறோம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்கு (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும், படங்களற்ற திரை) போய்விட்டுத் திரும்பும்போது சில நேரம் கீபோர்டு அசையாது. உடனே பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. சேமிக்காத வேலை அத்தோடு போகிறது. பெரும்பாலும் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

டெஸ்க்டாப் ஓடும்போது கீபோர்டை டிஸ்ப்ளே சர்வர், அதாவது டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் நிரல், தன் வசம் வைத்துக்கொள்ளும். திரை மாறும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் திருப்பித் தர வேண்டும். சர்வர் நடுவில் சிக்கிக்கொண்டால் அது நடக்காது. அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 கூட வேலை செய்யாது, ஏனென்றால் அதைக் கவனித்துத் திரையை மாற்ற வேண்டியதும் அதே சர்வர்தான்.

முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். எழுத்துத் திரையில் தெரியாமல் கன்ட்ரோல்+எஸ் அழுத்தியிருந்தால் திரை அப்படியே நிற்கும். கன்ட்ரோல்+கியூ அதை விடுவிக்கும். டெஸ்க்டாப்புக்குத் திரும்பியதும் விசைகள் தாறுமாறாக வேலை செய்தால், ஆல்ட் அழுத்தியபடியே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்கும். இரு பக்க ஆல்ட், கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட்டுடன் எஃப்1 அழுத்தினால் வருவது லாகின் திரை. உங்கள் வேலை வழக்கமாக எஃப்2-இல் இருக்கும். எஃப்1-ஐப் பார்த்துவிட்டு எல்லாம் போயிற்று என்று பதற வேண்டாம். எழுத்துத் திரையில் தமிழ்99 தட்டச்சும் வராது, அது கோளாறு அல்ல. யுஎஸ்பி கீபோர்டைக் கழற்றி மாட்டலாம். பழைய வட்டப் பின் கீபோர்டை மின்சாரம் இருக்கும்போது கழற்றக் கூடாது. கேப்ஸ் லாக் விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால் கெர்னலே விழுந்துவிட்டது, ரீஸ்டார்ட் செய்வதைத் தவிர வழியில்லை.

இவை எதுவும் இல்லையென்றால் ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இது கீபோர்டை டிஸ்ப்ளே சர்வரிடமிருந்து பறித்துக் கெர்னலிடம் கொடுக்கும். பிறகு ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் லாகின் செய்யலாம். ஆர் அழுத்திய பின் டெஸ்க்டாப்பிலேயே தட்டச்சு செய்யாதீர்கள். ஒரே விசை இரண்டு இடத்துக்கும் போகும், கன்ட்ரோல்+சி சர்வரையே நிறுத்திவிடக்கூடும்.

சிக்கல் என்னவென்றால், உபுண்டுவில் இந்த ஆர் முதலிலிருந்தே அடைக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட விசைகளில் எவை வேலை செய்யலாம் என்று தீர்மானிக்கும் கெர்னல்.சிஸ்ஆர்கியூ (kernel.sysrq) என்ற அமைப்பின் மதிப்பு அங்கே 176, அதாவது 128+32+16. கீபோர்டுக்கான 4 அதில் இல்லை. எட்சி அடைவுக்குள் சிஸ்சிடிஎல்.டி (/etc/sysctl.d) என்பதில் தனிக் கோப்பு ஒன்றை வைத்து, 4-ஐயும் கூட்டி kernel.sysrq = 180 என்று எழுதி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். கோப்பின் பெயர் 99 என்று தொடங்கி .கான்ஃப் (.conf) என்று முடியட்டும். அப்போதுதான் கடைசியாகப் படிக்கப்பட்டு இந்த மதிப்பே நிற்கும். லேப் பொறுப்பாளர்கள் இதை எல்லாக் கணினிகளிலும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறோம். கூடவே, வேறு கணினியிலிருந்து உள்ளே வர உதவும் எஸ்எஸ்எச் (SSH) சர்வரும் இருக்கட்டும். பக்கத்துக் கணினியிலிருந்து உள்ளே வந்து திரையை மாற்றும் கட்டளையை 'சுடோ சிஎச்விடி 3' (sudo chvt 3), பிறகு 'சுடோ சிஎச்விடி 2' (sudo chvt 2) என்று கொடுத்தால், பல நேரம் எதையும் மூடாமலே டெஸ்க்டாப் திரும்பக் கிடைத்துவிடும்.

எதற்கும் மசியவில்லை என்றாலும் பவர் பட்டனுக்குப் போக வேண்டாம். ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீனைப் பிடித்தபடி எஸ், யு, பி என்று இரண்டு மூன்று விநாடி இடைவெளி விட்டு அழுத்துங்கள்: டிஸ்கில் எழுத வேண்டியது எழுதப்படும், டிஸ்க் படிக்க மட்டும் என்று மாறும், பிறகு ரீஸ்டார்ட் ஆகும். இந்த மூன்றுக்கும் 176-ஏ போதும். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

லினக்ஸ் கணினிப் பராமரிப்பாளர்கள்,
காரைக்குடி.