காத்திருக்கும் நேரம் ஓய்வு நேரம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலை விபத்துச் செய்திகளில், ஓட்டுநரின் தூக்கக் கலக்கமே காரணம் என்று போலீசார் தெரிவித்ததாக ஒரு வரி வருவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் செய்தி அத்துடன் முடிந்துவிடுகிறது. வழக்கும் அந்த ஓட்டுநர் ஒருவர் மீதே பதிவாகிறது. அவர் அதற்கு முந்தைய பகல் முழுவதும் எங்கே இருந்தார், தூங்கினாரா என்று எவரும் விசாரிப்பதில்லை. சங்ககிரியில் லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலமாகக் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில், அந்தப் பகல் பொழுதைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிகளுக்கு இரவு ஓட்டம் தவிர்க்க முடியாதது. முட்டை லாரி பொழுது விடிவதற்குள் கேரளத்தில் இருக்க வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றிய கன்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இரவில் ஓட்ட வேண்டியவர் பகலில் தூங்கியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கே வண்டி வந்து நிற்க வேண்டும் என்று கண்டிப்புக் காட்டும் ஆலைகளில் பல, லோடு ஏற்றி அனுப்புவதோ விளக்கு வைத்த பிறகுதான். இடைப்பட்ட நேரத்தில் ஓட்டுநர் வரிசையில் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும், காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி இறக்க வேண்டும், மூட்டைகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும், தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்ட வேண்டும், பில் கைக்கு வரும்வரை அலுவலக ஜன்னலருகே நிற்க வேண்டும். சற்றே கண்ணயரலாம் என்று கேபினுக்குள் படுத்தால் சித்திரை வெயிலில் கூரைத் தகரம் கொதிக்கிறது. அதையும் பொறுத்துக்கொண்டு படுத்தவரைக் கால் மணி நேரத்துக்குள் காவலாளி கதவைத் தட்டி, வண்டியை முன்னால் எடுக்கச் சொல்கிறார். கிளீனர் இருந்த காலத்தில் இந்த வேலைகளில் பாதியை அவர் பார்த்துக்கொள்வார். இப்போது பெரும்பாலான வண்டிகளில் கிளீனரே இல்லை. ஆலைக்காரர்களிடம் இதைப் பற்றிப் பேசினால், நாள் முழுவதும் வண்டி சும்மாதானே நின்றது, டிரைவர் தூங்கியிருக்கலாமே என்கிறார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்கு லோடுடன் புறப்படும்போதே 17 மணி நேரம் விழித்திருந்தவர் ஆகிறார். அவ்வளவு நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய நிலைக்கு ஏறத்தாழ இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 30 மில்லிகிராம்தான். குடித்தவரைப் பிடிக்க ஊதும் கருவி இருக்கிறது, தூங்காதவரைப் பிடிக்க எதுவும் இல்லை. இதற்கு மேல், இரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மனித உடலே தூக்கத்தைக் கேட்கும் நேரமாகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுநர் நான்கு நொடி கண் மூடினால் ஏறத்தாழ 90 மீட்டர் தூரத்தைத் தானாகவே கடந்துவிடும். 2020 பிப்ரவரி 20 அன்று அதிகாலையில் அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி ஒன்று நடுத்தடுப்பைத் தாண்டி, எதிரே வந்த கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்ததை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. அதுவும் இந்த நேரத்தில் நடந்ததுதான்.

காவல்துறையினர் சில இடங்களில் நள்ளிரவில் வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநர்களை முகம் கழுவச் செய்து தேநீர் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. எனினும் தண்ணீரின் குளிர்ச்சி சில நிமிடங்களில் போய்விடும். தேநீர் வேலை செய்யவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஆகவே தேநீரைக் குடித்தவுடன் புறப்படாமல், அங்கேயே இருபது நிமிடம் படுத்து எழுந்து போவதே பலன் தரும். கொட்டாவி அடிக்கடி வருவதும், கடந்து வந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமல் போவதும் உடனே வண்டியை ஓரங்கட்ட வேண்டிய அறிகுறிகள். சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை என்பதை ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டும். பலமாகக் குறட்டை விடுபவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு இருக்கக்கூடும். எத்தனை மணி நேரம் படுத்தாலும் அவர்களுக்கு அசதி தீராது. அவர்கள் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

ஆனால் வண்டியை எங்கே ஓரங்கட்டுவது? வெளிச்சமில்லாத இடத்தில் நிறுத்தித் தூங்கினால் டீசல் களவு போகும், தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கை எடுப்பார்கள். சாலையோரத்தில் நிறுத்தினாலோ பின்னால் வரும் வண்டி வந்து மோதும் அபாயம். ஓட்டுநர்களும் வாடைக்கு, அதாவது டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குவதால், நிற்கும் நேரமெல்லாம் நட்டம் என்று நினைத்து அவர்களே விரைகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆலை வாயிலில் வண்டி கூடுதலாக நின்றதற்கு ஹால்ட்டிங் காசு கிடைத்தாலும் அது பெரும்பாலும் உரிமையாளருக்கே போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்ததுடன், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் கூறியது. ஆனால் அது ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே பொருந்துவதாக இருந்தது. எங்கள் பகுதியிலோ ஒன்றிரண்டு லாரிகளை வைத்துப் பிழைப்பவர்களே மிகுதி. நேஷனல் பெர்மிட் லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-இல் நீக்கப்பட்டது. அந்த விதி ஏட்டளவில்தான் இருந்தது என்பார்கள். இருந்தாலும் கேட்பதற்கு ஒரு பிடி இருந்தது.

சரக்கை ஓர் இரவுக்குள் சேர்த்தே ஆக வேண்டும் என்ற அவசரத்துக்கு வரிச் சட்டத்தையும் காரணம் காட்ட முடியாது. சரக்குடன் எடுத்துச் செல்ல வேண்டிய ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லே 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அவகாசம் கொடுக்கிறது. எனவே லோடு ஏற்ற நேரம் குறித்துக் கொடுத்து, அந்த நேரத்துக்கு மட்டும் வண்டியை வரவழைப்பதே ஆலைகள் செய்யக்கூடிய முதல் காரியம். அடுத்தது, வாயிலருகே மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஒரு கொட்டகை; ஓட்டுநர் அங்கே படுத்திருக்கும் நேரத்தில் வண்டியை நகர்த்த உரிமம் உள்ள ஓர் ஆள். பெருந்துறை சிப்காட் போன்ற இடங்களில் தொழிற்சாலைகள் சேர்ந்து பொதுவில் இதைச் செய்தால் செலவு யாருக்கும் பாரமாக இருக்காது.

மாவட்ட ஆட்சியர்கள் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆலைக் காவலாளியின் பதிவேட்டில் வண்டி உள்ளே வந்த நேரமும் வெளியேறிய நேரமும் எழுதப்பட்டிருக்கும். எடைச் சீட்டிலும் நேரம் அச்சாகியிருக்கும். இரவில் சரக்கு லாரி விபத்துக்குள்ளாகும்போதெல்லாம் இவ்விரண்டையும் கேட்டு வாங்கி விசாரணைக் கோப்பில் சேர்க்குமாறு காவல்துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் குழுக்கள் அறிவுறுத்த வேண்டும். இதற்குப் புதுச் சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.

இப்படிக்கு,
லாரி புக்கிங் அலுவலகக் கணக்கர் ஒருவர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.