பிட்ச் பண்ண வருது, லோன் பேப்பர் படிக்க வரலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

சேலத்துல இப்ப பல காலேஜ்ல தொழில்முனைவோர் முகாம், பிட்ச் போட்டி (தொழில் யோசனையை எடுத்துச் சொல்லி ஆதரவு கேக்கறது) நடத்தறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா போய்ட்டு வர்ற பசங்க வாயில வர்றதெல்லாம் ‘திங்க் அவுட்சைட் தி பாக்ஸ்’, ‘ஃபெயில் ஃபாஸ்ட்’, ‘பிவட்’, ‘ஸ்கை இஸ் தி லிமிட்’னு ஒரே மாதிரி இருக்கு. நான் செவ்வாய்பேட்டை பக்கம் கொலுசு பட்டறைகளுக்கு கணக்கு எழுதறவன், லோன் பேப்பர் ரெடி பண்ண எங்கிட்ட வர்ற பசங்களை வெச்சுத்தான் சொல்றேன்.

இங்கிலீஷ் எதுக்குடான்னு திட்டறதுக்காக இதை எழுதல. வேணும், கண்டிப்பா வேணும், பேங்க் பேப்பர் பூரா அதுலதானே இருக்கு. ஆனா சொல்லிக்கொடுக்கறது எந்த இங்கிலீஷ்? யூனிகார்ன்னா 100 கோடி டாலர் மதிப்புள்ள ஸ்டார்ட்அப், 2013ல அமெரிக்காவுல ஒரு முதலீட்டாளர் எழுதின கட்டுரையில இருந்து பரவின பேரு. இதெல்லாம் பசங்களுக்கு அத்துப்படி. அவங்க கேக்க வந்திருக்கறது 5 லட்சம் லோன்ங்க!

அந்த வார்த்தைகளையாவது நம்ம ஊரை வெச்சு சொல்லலாம்ல. பிவட்டுக்கு, அதாவது ஒரு தொழில்ல இருந்து வேற வழிக்கு மாறறதுக்கு, வெளிநாட்டு கம்பெனி கதையா சொல்றாங்க. இரண்டாம் உலகப்போர் சமயத்துல வெளியில இருந்து ஜவ்வரிசி வரத்து நின்னப்ப, கருவாட்டு வியாபாரம் பண்ணிட்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியார் 1943 வாக்குல மரவள்ளிக்கிழங்குல இருந்து மாவு, ஜவ்வரிசின்னு இறங்கினார், மலேசியா பினாங்குல இருந்து வந்த போபட்லால் ஷாவும் கூட சேர்ந்தார். அப்புறம் 1981ல சேகோசர்வ்ங்கற ஜவ்வரிசி (சேகோ) உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் வந்தது, 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடும் கிடைச்சிருச்சு. கருவாட்டுல இருந்து ஜவ்வரிசி, இதைவிட பெரிய பிவட் இருக்கா? அதே மாதிரி ‘அசெட் லைட்’னா என்னன்னு கேட்ட ஒரு பையனுக்கு அவங்க அப்பா பட்டறையைத்தான் காட்டினேன், அங்க வெள்ளி பூரா வியாபாரியோடது, அதை எடை போட்டு வாங்கி கொலுசா எடை போட்டு திருப்பிக் கொடுத்து கூலி வாங்கறாங்க, சரக்குல சொந்தக் காசு முடங்கறதே இல்ல, அதுதான் அசெட் லைட். அவன் சிரிச்சுட்டான்.

இப்ப சிக்கல் எங்கன்னா, முகாம்ல யாரும் சொல்லாத நாலஞ்சு வார்த்தையிலதான். மொதல்ல மார்ஜின் மணி. பேங்க்ல சாதாரணமா சொன்னா நாம கையில இருந்து போடற பங்கு, ஆனா பிஎம்இஜிபிங்கற, புதுசா தொழில் தொடங்க மானியத்தோட கடன் கிடைக்கற மத்திய அரசு திட்டத்துல அரசு தர்ற மானியத்துக்கும் அதே பேருதான், பசங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டு கைக்காசே வேண்டாம்னு நெனச்சு வர்றாங்க. பொதுப்பிரிவுன்னா திட்டச் செலவுல 10 சதவீதம், பெண்கள், எஸ்சி எஸ்டி, பிசி மாதிரி சிறப்புப் பிரிவுன்னா 5 சதவீதம் நாமதான் போடணும். மானியமும் கையில வராது, 3 வருஷம் பேங்க்லயே தனி டெபாசிட்டா கிடக்கும், அந்தளவு கடனுக்கு வட்டி போட மாட்டாங்க, அவ்வளவுதான். அடுத்து மாரட்டோரியம், அதாவது தவணை கட்ட பேங்க் தர்ற அவகாசம். தவணைதான் தள்ளிப்போகும், வட்டி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், இதை வட்டி தள்ளுபடின்னு நெனச்ச பசங்க எத்தனை பேரு. டேர்ன்ஓவரை, அதாவது மொத்த விற்பனைத் தொகையை, லாபம்னு சொல்றது இன்னொரு கொடுமை, வெள்ளி விக்கற விலைக்கு ஒரு சின்னக் கடை பில்லே லட்சத்துல நிக்கும், கையில நிக்கறது என்னவோ சில்லறைதான். ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் சிறுதொழில் கடனுக்கு கொலாட்டரல், அதாவது சொத்து அடமானம், கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு, அந்த வார்த்தை தெரிஞ்சாதானே மேனேஜர் பத்திரம் கேக்கறப்ப ஏன் சார்னு திருப்பிக் கேக்க முடியும்.

உங்க பத்திரிகையில மாணவர்களுக்கு இங்கிலீஷ் பகுதி போடறீங்க, அதுல வாரத்துக்கு ஒரு லோன் வார்த்தை எடுத்து, சேகோ பேக்டரி, அம்மாபேட்டை தறி, ஏற்காடு காபின்னு இந்த மாவட்டத்து தொழிலை வெச்சே விளக்கினா நல்லாருக்கும்ங்க. மாவட்டத் தொழில் மையத்துல கேட்டா விவரம் தருவாங்க. காலேஜ்காரங்களுக்கும் உங்க மூலமா ஒண்ணு சொல்லிக்கறேன், அடுத்த தடவை பிட்ச் போட்டிக்கு ஜட்ஜ் கூப்பிடறப்ப ஒரு பேங்க் மேனேஜரையும் ஒரு பட்டறைக்காரரையும் சேர்த்து உட்கார வைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
செவ்வாய்பேட்டை, சேலம்.